ஒடியல் மா பக்கற்றில் எழுதாத கணக்கு

பச்சையாகக் காயவைத்த பனங்கிழங்கான ஒடியலுக்கு இது நல்ல காலம். யாழ்ப்பாணத்துக் கடைகளிலிருந்து ரொறொன்ரோ, லண்டன் தமிழ்க் கடைகள் வரை ஒடியல் மா பக்கற் பக்கற்றாகப் போகிறது. பின்பக்கத்தில் நார்ச்சத்து, இரும்புச்சத்து, புரதம் என்று ஓர் அட்டவணை. நச்சைப் பற்றி யாராவது கேட்டால், "எங்கட ஆச்சிமார் குடிச்ச கூழ்தானே" என்ற பதில் ஆயத்தமாக இருக்கிறது.

அட்டவணை பொய்யல்ல. பனை அபிவிருத்திச் சபையும் கைதடியிலுள்ள பனை ஆராய்ச்சி நிறுவனமும் பனைப்பொருளை மதிக்கச் செய்தது பெரிய காரியம். நச்சு ஆய்வுகளில் எலிக்கு ஒத்துக்கொள்ளாதது மனிதருக்கும் ஒத்துக்கொள்ளாது என்று சொல்லிவிட முடியாததும் உண்மை.

ஆனால், பேராதனையில் ஆய்வாளர் அர்சகுலரத்னவும் சகாக்களும் விஸ்டார் இன ஆய்வுகூட எலிகளுக்கு ஒடியல் மாவைக் கொடுத்துக் கண்ட தீங்குகளை 1971இலேயே வெளியிட்டார்கள். நரம்பும் ஈரலும் பாதிக்கப்படுவதை அந்தப் பத்தாண்டின் ஆய்வுகள் காட்டின. 1980இல் கிரெய்க் முதலானோர் நச்சைப் பகுதியளவில் பிரித்தெடுத்தார்கள். மறுவருடம், மாவின் நீர்ச்சாறு மனித இரத்த வெண்கலங்களின் நிறமூர்த்தங்களை முறிப்பதாக இன்னோர் ஆய்வு வந்தது. இத்தனைக்கும் பிறகு பக்கற்றில் நச்சுக்கென்று ஒரு வரிகூட இல்லை.

காரணம் பகுப்பாய்வு முறையிலேயே இருக்கிறது. வழக்கமான உணவுப் பகுப்பாய்வு புரதத்தை நேராக அளப்பதில்லை. நைதரசனை அளந்து 6.25ஆல் பெருக்குகிறது. அந்த நைதரசன் எந்தச் சேர்மத்திலிருந்து வந்தது என்று அது கேட்பதில்லை. அல்கலோயிட்டில் இருந்தாலும் அட்டவணையில் புரதமாகவே ஏறும். கிலோவுக்குச் சில மில்லிகிராம் அளவிலுள்ள நச்சு ஈரப்பதம், சாம்பல், கொழுப்பு என்ற எந்தத் தலைப்பின் கீழும் தெரியாது. தேடாத பொருளை ஒரு கருவியும் தானாகக் காட்டாது.

மரவள்ளியைப் பாருங்கள். இஞ்சியோடு சேர்க்கக்கூடாது என்று நம் வீடுகளில் எச்சரிப்பார்கள். அதன் நச்சுக்கு மூலமான லினமரினை இரசாயனவியலாளர்கள் இனங்கண்டதால்தான் மரவள்ளி மாவில் ஐதரோசயனிக் அமிலம் கிலோவுக்கு 10 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது என்று சர்வதேச உணவு நியமம் எல்லை வகுக்க முடிந்தது. ஒடியலுக்கும் அப்படியோர் எண் வேண்டும்.

ஆச்சியின் பெயரால் வாதாடுகிறவர்கள் ஆச்சியின் வேலையை மறந்துவிடுகிறார்கள். அவர் மாவை ஊறவிட்டு, தெளிந்த நீரை ஊற்றிவிட்டு, காறல் போகுமட்டும் திரும்பத் திரும்பக் கழுவிய பிறகே நண்டும் இறாலும் பலாக்கொட்டையும் அவிந்த பானையில் கரைத்தார். அந்தக் கழுவலை விட்ட உடனடிக் கூழ் மாவுக்கு அவர் எப்படிச் சாட்சியாவார்? கழுவினாலும் நாக்கு அறிவது கசப்பை மட்டுமே. நரம்பைத் தாக்கும் பொருள் கசக்க வேண்டுமென்று எந்த விதியும் இல்லை. கிழங்கை அவித்துக் காயவைத்த புழுக்கொடியலையும் பச்சையாகக் காயவைத்த ஒடியலையும் 'பனங்கிழங்கு மா' என்று ஒரே பெயரில் விற்பது இன்னும் மோசம். நச்சு ஆய்வுகளைப் பொறுத்தவரை அவை இரண்டும் வெவ்வேறு உணவுகள்.

பச்சை மா, முதல் ஊறல் நீர், இரண்டாம் நீர், காய்ச்சிய கூழ் ஆகிய நான்கையும் பக்கம் பக்கமாக வைத்துச் சோதிக்க வேண்டும். வடமாகாணத்தில் பல்கலைக்கழகமும் ஆய்வுகூடங்களும் இருக்கின்றன. அந்த முடிவு அச்சேறும்வரை, ஊறவைக்காமல் கரைக்கலாம் என்று எந்தப் பக்கற்றிலும் எழுத ஒருவருக்கும் உரிமையில்லை.