வராத ரயிலைப் பற்றிக் கதைத்த வருடங்கள்

2013 ஒக்ரோபரில், ஸ்காபரோவுக்கு சப்வேதான் என்று ரொறன்ரோ மாநகர சபை 24க்கு 20 என்ற வாக்குக் கணக்கில் முடிவெடுத்த அதே கிழமை, சின்னம்மா வீட்டில் ஒரு பிறந்தநாள். நான் கைத்தொலைபேசியில் ஓர் அட்டவணையோடு போயிருந்தேன். ஒரு பக்கம் எல்.ஆர்.ரி.: ஏழு தரிப்பிடம், கட்டும் செலவு மாகாண அரசினுடையது, ஒப்பந்தமும் கையெழுத்தாகிவிட்டது. மறுபக்கம் சப்வே: மூன்று தரிப்பிடம், நகரவாசிகளின் சொத்து வரியில் வருடக்கணக்கில் ஒரு பங்கு. மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் விளங்கும் கணக்கு என்று சொன்னதாக நினைவு.

சின்னம்மா அப்போது ஒரு பொதிசெய்யும் தொழிற்சாலையில் விடிய ஆறு மணி வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். இரண்டு பஸ், இடையில் ஆர்.ரி. ரயில். தாச்சியைப் பார்த்தபடியே சொன்னார்: "நீ கார்ல போற ஆள் தம்பி. உனக்கு இது கணக்கு. டவுண்டவுனில ரயில் விடேக்க ஆரும் இப்பிடி எண்ணிப் பாத்தவையே?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பதில் இருந்தது, சொல்லவில்லை என்று அன்று நினைத்துக்கொண்டேன். பதில் இருக்கவில்லை என்பது விளங்கப் பத்து வருடம் எடுத்தது.

நான் போக்குவரத்து நிபுணன் அல்ல. வங்கிகளுக்கும் காப்புறுதி நிறுவனங்களுக்கும் மென்பொருள் ஆலோசனை சொல்லிப் பிழைப்பவன். எந்தத் தடம் சரி என்று தீர்ப்பெழுத நான் இங்கே வரவில்லை. அந்த விவாதத்தை ஒரு பிரதியாக எடுத்து, அதன் சொற்களை வாசித்துப் பார்க்கிறேன். ஓர் ஊர் தன்னைப் பற்றி இவ்வளவு சத்தமாகப் பேசிய பிரதி ஸ்காபரோவுக்கு வேறில்லை.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஸ்காபரோ ஆர்.ரி. 1985இல் திறந்தது. ஆறு நிலையங்கள், ஆறு கிலோமீற்றரும் சொச்சமும். முதலில் அங்கே ஓட இருந்தது சாதாரண ஸ்றீட்கார். மாகாண அரசு தன் நிறுவனம் உருவாக்கிய புதிய தொழில்நுட்பத்தை விற்றுக்காட்ட ஒரு களம் தேடியதால் திட்டம் மாறியது. பனி கொட்டினால் நின்றுவிடும் ரயில் எங்களுக்கு வாய்த்தது அப்படித்தான். 2002இல் திறந்த ஷெப்பேர்ட் சப்வே, ஸ்காபரோ நகர மையம் வரை வருவதாக வரையப்பட்டு, ஐந்து நிலையங்களோடு டொன் மில்ஸில், எங்கள் எல்லைக்கு வெளியே, நின்றுபோனது. 2007இல் மேயர் டேவிட் மில்லர் நகரமெங்கும் எல்.ஆர்.ரி. வலைப்பின்னல் ஒன்றை அறிவித்தார். 2010 டிசம்பரில் பதவியேற்றவுடனேயே ரொப் ஃபோர்ட் அது முடிந்தது என்றார். பிறகு சபை அவரை மீறியது, பிறகு சபையே மனம் மாறியது. 2016இல் மூன்று தரிப்பிடம் ஒன்றாகச் சுருங்கியது. 2019இல் அவருடைய அண்ணர், மாகாண முதல்வர் டக் ஃபோர்ட், திட்டத்தைத் தன் கைக்கு எடுத்து மறுபடி மூன்றாக்கினார்.

இந்தக் கதையில் ரயில் எங்கே என்று கேட்டால், எங்கும் இல்லை. சொற்கள் மட்டும்தான் ஓடிக்கொண்டிருந்தன.

முதல் சொல் 'சப்வே'. ரொப் ஃபோர்ட் அதை மூன்று தரம் அடுக்கிச் சொல்வார், மந்திரம்போல. எதிர்ப்பக்கத்தின் 'எல்.ஆர்.ரி.' மூன்று எழுத்துத்தான், அதில் ஒரு படமும் இல்லை. படமில்லாத இடத்தில் ஃபோர்ட் தன் படத்தை வைத்தார்: ஸ்றீட்கார். நடுவீதியில் கார்களை மறித்துக்கொண்டு நிற்கும் பழைய தள்ளுவண்டி. உண்மையில் ஆர்.ரி. ஓடிய அதே தனிப்பாதையில், வீதியைத் தொடாமல், ஓட இருந்தது அந்த எல்.ஆர்.ரி. இதைச் சொன்னவர்கள் இருந்தார்கள். விளக்கம் சொல்லத் தொடங்குகிறவர் அந்த இடத்திலேயே தோற்றுவிடுகிறார்.

தமிழில் நாங்கள் இன்னும் ஒருபடி மேலே போனோம். எல்.ஆர்.ரி.யை 'இலகு ரயில்' என்று மொழிபெயர்த்தோம். கொழும்புத் திட்டத்துக்கும் இதே சொல்தான். (அந்தத் திட்டத்தை 2020இல் அரசாங்கம் கைவிட்டதை வைத்து ஜாதகம் கணிக்க நான் வரவில்லை.) எங்கள் காதில் இலகு என்றால் பாரமில்லாதது, சிரமமில்லாதது, கொஞ்சம் மலிவானது. சப்வேயோ 'சுரங்க ரயில்' ஆனது. சுரங்கம் என்ற சொல்லில் ராசாக்களின் இரகசிய வழியும் புதையலும் இருக்கின்றன. இரண்டில் எது வேண்டும் என்று ஒரு தமிழனைக் கேட்டால் அவன் என்ன சொல்வான்?

இரண்டாவது சொல் இன்னும் வலியது. ஸ்காபரோவுக்கு சப்வே பெறும் தகுதி உண்டு, நாங்கள் இரண்டாந்தரப் பிரசைகள் அல்ல. இந்த வசனம் எங்கள் சனத்திடம் வந்து சேர்ந்த விதத்தை டவுண்டவுன் பத்தி எழுத்தாளர்கள் கடைசிவரை விளங்கிக்கொள்ளவில்லை. இரண்டாந்தரப் பிரசை என்பது எங்களுக்கு உவமை அல்ல. தரப்படுத்தலில் பல்கலைக்கழக இடம் இழந்தவர்களும், அடையாள அட்டை காட்டாமல் ஒரு சந்தியைத் தாண்டியிராதவர்களும் இருக்கும் வீடுகளுக்குள் அந்தச் சொல் விழுந்தது. 1998இல் ஸ்காபரோ தன் நகராட்சியை இழந்து ரொறன்ரோவோடு கலக்கப்பட்ட பிறகு உள்ளூர் வெள்ளையருக்கும் அதே மனக்குறை இருந்தது. இரண்டும் ஒரு வாக்குப்பெட்டியில் சேர்ந்தன. அந்தக் கோபம் நியாயமானது. ஆனால் தகுதி என்ற சொல்லுக்கு ஒரு வசதி உண்டு. எது கிடைத்தால் அந்தத் தகுதி நிறைவேறும் என்பதைச் சொல்கிறவரே தீர்மானிக்கலாம். ஆர்.ரி.யில் எல்லாரும் சலித்தது கெனடி நிலையத்தைத்தான். கீழ்த்தளத்தில் சப்வேயால் இறங்கி, பஸ் தளத்தையும் தாண்டி, உச்சியில் நின்ற ஆர்.ரி.க்கு ஏறவேண்டும், அதுவும் எஸ்கலேற்றர் வேலைசெய்தால். எல்.ஆர்.ரி. திட்டம் அந்த மாற்றத்தைச் சுலபமாக்க இருந்தது. முழங்கால் வலியுள்ள சின்னம்மாவின் கௌரவம் அந்தப் படிக்கட்டில் இருந்தது என்று யாராவது மேடையில் சொல்லியிருந்தால் விவாதம் வேறு திசையில் போயிருக்குமோ, தெரியாது. மேடைக்குப் படிக்கட்டு காணாது.

இனி என் பக்கம். பெரிய பத்திரிகைகளில் ரொறன்ரோ ஸ்ரார் எல்.ஆர்.ரி.யின் பக்கம் நின்றது. நாங்கள், அதாவது படித்தவர்கள், அதன் பத்திகளை வெட்டி ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொண்டோம். எங்கள் சொல் 'அடர்த்தி'. ஸ்காபரோவில் சப்வேக்குத் தேவையான சன அடர்த்தி இல்லை. இது உண்மை. ஆனால் அதைச் சொன்ன தொனியில், அடர்த்தியாக வாழாதது எங்கள் சனத்தின் ஒழுக்கக் குறைபாடு என்ற சாயல் இருந்தது. ஜேன் ஜேக்கப்ஸை மேற்கோள் காட்டாத பத்தி அரிது. நியூயோர்க்கை விட்டு 1968இல் ரொறன்ரோவுக்கு வந்து, ஸ்படைனா அதிவேகப் பாதையை எதிர்த்து நின்று, 1971இல் அதை நிறுத்திய கூட்டத்தில் ஒருவர். நகரத்தை மேலேயிருந்து வரைபடமாகப் பாராமல் நடைபாதையில் நின்று பார் என்று சொன்னவர். அவருடைய பெயரால் நாங்கள் செய்தது அதற்கு நேர் எதிர்: வரைபடத்தைப் பார்த்தோம். ஆறு தட வீதியோரத்தில், வாகனத் தரிப்பிடத்துக்குப் பின்னால், சேலைக்கடையும் கொத்துரொட்டிக் கடையும் வருமானவரி செய்து தருபவரும் ஒரே கூரையின்கீழ் இருக்கும் எங்கள் பிளாசாவை அவர் எப்படிப் பார்த்திருப்பார் என்று ஒருவரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை, ஒவ்வொரு சனிக்கிழமையும் அங்கே போகிறவன்.

ஊடகங்களுக்கு இது ஓர் ஓட்டப்பந்தயம். யார் யார் பக்கம் தாவினார், எத்தனை வாக்கு. வாக்களிப்பு நடந்து மூன்று கிழமையில், மேயர் போதைப்பொருள் புகைக்கும் காணொளி கிடைத்துவிட்டது என்று பொலிஸ் தலைவர் அறிவித்தார். உலகமே ரொறன்ரோவைப் பார்த்தது. ஸ்காபரோவை மறந்தது. தமிழ் ஊடகமும் வேறல்ல. ஒரு வானொலி நேயர் நிகழ்ச்சி ஞாபகத்தில் இருக்கிறது. ஒரு அம்மா எடுத்து, இரவு வேலை முடிந்து மார்க்கம் வீதியில் பஸ்ஸுக்கு எவ்வளவு நேரம் நிற்கவேண்டியிருக்கிறது என்று சொல்லத் தொடங்கினார். "அம்மா, நாங்கள் இண்டைக்கு சப்வேயைப் பற்றித்தான் கதைக்கிறம்," என்றார் அறிவிப்பாளர், மிகவும் மரியாதையாக. அடுத்த அழைப்பு.

அந்த அம்மாவுக்கு இடம் கொடுத்தது ஒரு நாவல். டேவிட் சாரியாண்டியின் 'பிரதர்' 2017இல் வந்தது. 1990களின் தொடக்கத்து ஸ்காபரோ, ரூஜ் பள்ளத்தாக்கின் விளிம்பு, ரினிடாட்டிலிருந்து வந்த ஒரு தாய், இரண்டு மகன்கள். தாய் துப்புரவு வேலை செய்பவள். இரட்டை ஷிஃப்ட், பஸ் மாறிப் பஸ். அந்தப் பயணங்களைப் பற்றி நாவல் முறையிடுவதில்லை, விளக்குவதுமில்லை. பிள்ளைகள் இரவில் தனியே இருக்கும் மணித்தியாலங்களாக அவை கதைக்குள் வருகின்றன. தூரம் ஒரு குடும்பத்துக்கு என்ன செய்கிறது என்பதை எங்கள் அட்டவணைகளைவிட அது நன்றாகச் சொல்லியது. அந்த நாவலில் எனக்கு ஒரு குறை உண்டு. துயரத்தின் மேல் மொழியை மிக அழகாக விரிக்கிறது, சில பக்கங்களில் அழுக்கே ஒட்டவில்லை. அதைத் திரைப்படமாக்கிய கிளெமென்ற் வேர்கோ அழகை இன்னும் கூட்டிவிட்டார். இருந்தாலும் அங்கே பஸ் இருக்கிறது.

எங்கள் கதைகளில்? கனடாவிலிருந்து எழுதப்பட்டு நான் வாசித்த தமிழ்க் கதைகளில் பனி இருக்கிறது, பேஸ்மென்ற் இருக்கிறது, கோயில் சண்டை தாராளமாக இருக்கிறது. பஸ்ஸும் வரும், ஆனால் ஏறிய உடனேயே கதாநாயகன் யன்னலால் வெளியே பார்த்து ஊரை நினைக்கத் தொடங்கிவிடுவான். வெளியே பனி, உள்ளே யாழ்ப்பாணம். பக்கத்து இருக்கையில் நித்திரை தூங்கும் பிலிப்பினோத் தாதியை அவன் காண்பதில்லை. இந்த நகரத்தைப் பற்றி விவாதிக்க எங்களுக்குச் சொந்தச் சொற்கள் கிடைக்காமல் போனதற்கு அரசியல்வாதிகளை மட்டும் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. நாங்கள் எழுதவில்லை. எழுதாத இடத்தில் ஃபோர்டின் மூன்று சப்வேக்கள் வந்து உட்கார்ந்துகொண்டன.

2023 ஜூலை 24 மாலை எல்ஸ்மியர் நிலையத்துக்கு அருகில் ஆர்.ரி. ரயிலின் கடைசிப் பெட்டி கழன்று தடம் புரண்டது. ஐந்து பேருக்குக் காயம். எப்படியும் அந்த நவம்பரில் மூட இருந்த பாதை, பிறகு திறக்கவேயில்லை. எல்.ஆர்.ரி. இல்லை, சப்வேக்கு நிலத்தடியில் தோண்டிக்கொண்டிருந்தார்கள், இருந்த ரயிலும் போய்விட்டது. பதிலுக்கு பஸ். பழைய தண்டவாளப் பாதையின் ஒரு பகுதியை பஸ் பாதையாக்குவதென்று பின்னர் முடிவாகியது. இத்தனை வருட வாதத்தில் ஒரு பக்கமும் கேட்காத தீர்வு அது.

அடுத்த பெப்ரவரியில் என் கார் கராஜில் கிடந்த ஒரு கிழமை, நான் சின்னம்மாவை கண் வைத்தியரிடம் கூட்டிப்போனேன். அவர் வேலையிலிருந்து ஓய்வுபெற்று மூன்று வருடம். திரும்பும்போது கெனடியில் பஸ்ஸுக்கு வரிசை. எனக்கு எந்த வரிசை எங்கே போகிறதென்று தெரியவில்லை. பலகைகளை வாசித்துக்கொண்டு நின்றேன். சின்னம்மா வாசிக்கவில்லை, கண்ணுக்கு மருந்து விட்டிருந்தார்கள். என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மூன்றாவது வரிசையில் போய் நின்றார்.

"அண்டைக்கு ஏழு தரிப்பிடம் எண்டு சொன்னியே," என்றார். "அதில ஒண்டு எங்கட வீட்டுக்குக் கிட்டவோ வர இருந்தது?"

ஆம் என்றேன்.

"அதை நீ சொல்லேல்லையே," என்றார்.