சீட்டு மேசையும் உளநூலும்

எம்மிடம் உயர்தர வகுப்பிற் கற்ற மாணவர் ஒருவர் சில மாதங்களுக்கு முன்னர் ஒரு நூலைப் பற்றி எம்மோடு வாதாடினார். ஹேர்பேட் யார்ட்லி என்னும் அமெரிக்கர், போக்கர் ஆட்டக்காரன் ஒருவன் பெறும் கல்வியைப் பொருளாகக் கொண்டு 1957ஆம் ஆண்டில் வெளியிட்ட நூல் அது. "சேர், நாவலாசிரியர் முந்நூறு பக்கத்திற் காட்டும் மனத்தை இவர் ஒரு பந்தயத்திற் கண்டுவிடுகிறார்" என்றார் அவர். கூற்று புதியதன்று. மனிதனை அறிய வேண்டுமாயின் அவனைச் சீட்டு மேசையிற் காண வேண்டும் என்பது மேனாட்டார் நெடுநாளாய்ப் போற்றிவரும் எண்ணம். அம்மாணவர் கைத்தொலைபேசியிற் பணம் வைத்து ஆடத் தொடங்கியிருந்தார் என்பதை நாம் பின்னரே அறிந்தோம். அன்று அரைகுறையாகக் கூறிய விடையை இங்கு ஒருவாறு முழுமையாகக் கூற முயல்கிறோம்.

இவ்வெண்ணத்தின் சிறந்த இலக்கிய வடிவத்தை எட்கார் அலன் போ 1841இல் எழுதிய 'ரூ மோர்க் கொலைகள்' என்னும் கதையின் முகப்பிற் காணலாம். துப்பறியும் கதைக்குத் தோற்றுவாயாகக் கருதப்படும் அக்கதை கொலையோடு தொடங்கவில்லை. விஸ்ற் ஆட்டம் பற்றிய ஒரு சிறு கட்டுரையோடு தொடங்குகிறது. சிறந்த ஆட்டக்காரன் சீட்டை மட்டும் நோக்குவதில்லை. கூட்டாளியின் முகத்தை எதிரிகளின் முகங்களோடு ஒப்பிடுகிறான். ஒவ்வொருவரும் தத்தம் சீட்டை எவ்வாறு பார்க்கின்றனர் என்பதைக் கொண்டே துரும்புகளை எண்ணிவிடுகிறான். வென்ற சீட்டுகளை ஒருவர் அள்ளியெடுக்கும் விதத்தில், அதே இனத்தில் அடுத்த பிடியும் அவருக்குக் கிடைக்குமா என்பதை ஊகிக்கிறான். இரண்டு மூன்று சுற்றுகள் முடிவதற்குள் எல்லோர் கைச்சீட்டும் அவனுக்கு வெளிச்சம்.

முந்நூற்றுநாலு ஆடிப் பழகிய எம்மவருக்கு இதில் வியப்பொன்றுமில்லை. முதல் நான்கு சீட்டும் கைக்கு வந்தவுடன் ஒருவர் எவ்வளவு விரைவிற் கேட்கிறார், துரும்பைக் கவிழ்த்து வைக்கும்போது கை தயங்குகிறதா என்பவற்றை நோக்காத கிழவர் எந்தத் திண்ணையில் இருக்கிறார்? போ வருணிக்கும் ஆற்றல் உண்மையான ஆற்றலே. அதனை நாம் மறுக்க வரவில்லை.

ஆனால் போவின் வரலாறு வேறொன்று கூறுகிறது. 1826இல், பதினேழு வயதில், அவர் வேர்ஜீனியாப் பல்கலைக்கழகத்திற் சேர்ந்தார். அங்கே சீட்டாட்டத்திற் பெருங்கடன் பட்டார். வளர்ப்புத் தந்தை அதனைக் கட்ட மறுக்கவே, ஓராண்டும் நிரம்புமுன் கல்வியைக் கைவிட்டு வெளியேறினார். பிறர் முகங்களைப் புத்தகம் போற் படிக்கும் அந்த அபூர்வ ஆட்டக்காரன், தோற்ற இளைஞன் ஒருவன் பிற்காலத்திற் கண்ட கனவு என்றே நமக்குத் தோன்றுகிறது. போதிய பணம் அனுப்பப்படாமற் செல்வர் வீட்டுப் பிள்ளைகள் நடுவே விடப்பட்டவர் அவர். அம்மேசையில் அவர் தோற்றதற்கு முகம் பார்க்கத் தெரியாமை மட்டுமா காரணம்?

யார்ட்லிக்கு வருவோம். அவர் கனவு கண்டவரல்லர், தொழில் தெரிந்தவர். அவர் நூலிற் பயன்மிக்க அவதானங்கள் உள. எல்லாக் கைக்கும் பணம் போடுபவன் வேறு. பத்துக் கைகளை எறிந்துவிட்டுப் பதினோராவதில் மட்டும் முன்வருபவன் வேறு. முன்னவனின் பெரும்பந்தயத்துக்குப் பொருளில்லை. பின்னவன் சிறுதொகை வைத்தாலும் அஞ்சத்தான் வேண்டும். ஒரே ஒரு சீட்டை மாற்றிக்கொண்டவன் இரண்டு சோடி வைத்திருக்கலாம். ஓரினத்தில் நான்கைச் சேர்த்துவிட்டு ஐந்தாவதற்காக ஏங்குபவனாகவும் இருக்கலாம். அவன் முந்திய கைகளில் எவ்வாறு நடந்தான் என்பதை நினைவில் வைத்திருப்பவனே இரண்டில் எது என்று துணிவான். தோற்றபின் தொகையைக் கூட்டுபவன், வென்றபின் அஞ்சி ஒடுங்குபவன் என வகைகள் விரிந்து செல்லும்.

இதே மனிதரின் பகற்தொழில் மறைமொழித் தந்திகளை உடைத்துப் படிப்பது. 1921இல் வாஷிங்டனிற் கடற்படைக் குறைப்பு மாநாடு கூடியபோது, யப்பானியத் தூதர்க்கு அவர்தம் அரசு அனுப்பிய தந்திகளை யார்ட்லியின் அலுவலகம் படித்தது. யப்பான் பத்துக்கு ஏழு என்ற விகிதத்தைக் கேட்டு நின்றாலும் இறுதியிற் பத்துக்கு ஆறுக்கு இறங்கும் என்பதை அமெரிக்கர் அவ்வாறு அறிந்தனர், அசையாது இருந்தனர், யப்பான் இறங்கியது. எதிரியின் கைச்சீட்டைப் பார்த்துவிட்டு ஆடிய ஆட்டம்! வல்லரசுகள் தமக்குள் ஆடும் மேசைக்கும் சிற்றூர் மதுக்கடை மேசைக்கும் இடையே இத்துணை ஒற்றுமை உண்டென்பதை யார்ட்லியின் வாழ்க்கை, அவர் கருதாமலே, நமக்குக் காட்டிவிடுகிறது.

அவர் நூலிலே ஒரு காட்சி உண்டு. குடியானவன் ஒருவன் தன் நிலத்தில் எஞ்சியதை ஒரு கூடாரக் காட்சிக் குழுவுக்கு எதிராகப் பந்தயம் வைக்கிறான். வென்ற சீட்டுகளைக் கையிற் பற்றியபடியே இறந்துபோகிறான். சிறந்த சிறுகதைக்குரிய கரு. அந்நிலத்தில் முன்னர் எஞ்சாமற் போனது எவ்வளவு, அது யாரிடம் போயிற்று, அவன் மனைவி மக்கள் யார் என்று ஒரு கலைஞன் வினவியிருப்பான். யார்ட்லியோ வியக்கத்தக்க சம்பவமாக அதனைச் சொல்லிவிட்டு, எந்தக் கையை எறிய வேண்டும், எதை வைத்திருக்க வேண்டும் என்னும் பாடத்துக்குப் போய்விடுகிறார். எம் மாணவர் உளநூல் என்று மயங்கியது இதனையே. எதிரியிடம் என்ன இருக்கிறது, அவன் எப்போது அஞ்சுவான் என்பவையே சூதாடிக்கு வேண்டும். அவன் ஏன் இங்கு வந்தான் என்பது வேண்டாம். வேண்டாம் என்பதோடு அமையாது. அதனை அறிந்தால் ஆட்டம் கெடும்.

இப்பழக்கவாசிப்பும் இன்றியமையாததன்று என்பதைக் கணித நூலோர் நிறுவிவிட்டனர். நொய்மனும் மோர்கன்ஸ்ரேணும் 1944இல் வெளியிட்ட நூலில், வெருட்டு என்பது முகத்திறமையன்று, கணக்கின்பாற்பட்டது என விளக்கினர். வலுவற்ற கையோடு இடையிடையே பெருந்தொகை வைப்பவனின் நல்ல கையைத்தான் பிறர் நம்பாது எதிர்ப்பர். வெருட்டின் பெரும்பயன் அதுவே. 2019இல் புளூரிபஸ் என்னும் கணினி நிரல் கைதேர்ந்த ஆட்டக்காரர் ஐவரோடு ஒரே மேசையில் ஆடி வென்றது. தனக்குத்தானே ஆடிக் கற்ற அந்நிரலுக்கு முகம் பார்க்கக் கண்ணில்லை. எதிரிகளின் பழக்கத்துக்கேற்பத் தன் முறையை மாற்றவுமில்லை.

புஷ்கின் 1834இல் வெளியிட்ட 'ஸ்பேட் இராணி'யை இவற்றோடு வைத்துப் படித்தல் வேண்டும். அதில் ஆடப்படும் பாரோ ஆட்டத்தில் எதிரியைப் படிப்பதற்கே இடமில்லை; சீட்டு இடப்புறம் விழுமா வலப்புறம் விழுமா என்பதே எல்லாம். ஹெர்மன் என்னும் பொறியியற் படை அதிகாரி சீட்டைத் தொடாமல், ஆனால் விடியும்வரை மேசையருகில் அமர்ந்து பார்த்துக்கொண்டேயிருக்கிறான். அவன் படிப்பது ஆட்டக்காரரையன்று, சன்னலருகே தையல் வேலையோடு இருக்கும் லிஸவேத்தா என்னும் ஆதரவற்ற பெண்ணை. கிழட்டுச் சீமாட்டியின் வீட்டில் அவள்படும் அவமதிப்பு, அவளது தனிமை, மீட்பவன் ஒருவன் வருவான் என்னும் ஏக்கம் ஆகியவற்றை அவன் எதிரியின் கைச்சீட்டாகவே கணித்துக் காய்நகர்த்துகிறான். அவளுக்கு எழுதும் முதற் காதற்கடிதம் ஜெர்மன் நாவலொன்றிலிருந்து சொல்லுக்குச் சொல் எடுக்கப்பட்டது. அவன் கணிப்பிற் பிழையில்லை, கதவு திறக்கப்படுகிறது. ஹெர்மன் அவளைப் படித்தான். புஷ்கின் இருவரையும் புரிந்துகொண்டார். இவ்விரண்டும் ஒன்றே என்பவர் நாவலுக்கும் சூதுக்கும் வேறுபாடு அறியாதவர்.

இது வெறும் இலக்கியச் சர்ச்சையன்று. ரம்மியும் போக்கரும் அதிர்ஷ்டத்தால் அன்றித் திறமையால் நிகழ்வன என்பதே இணையச் சூது நடத்தியோரின் வாதம். தமிழ்நாட்டுத் தடைச்சட்டம் தொடர்பான வழக்கில் 2023 நவம்பரிற் சென்னை உயர் நீதிமன்றம் அவ்வாட்டங்களைத் திறமை ஆட்டங்கள் என்றே கொண்டது. இந்தியப் பாராளுமன்றம் 2025 ஆகஸ்டிற் பணம் வைத்தாடும் இணைய ஆட்டங்கள் அனைத்தையும் தடைசெய்யும் சட்டத்தை இயற்றிற்று. திறமை இருக்கட்டும். எவர் வென்றாலும் நடத்துபவனுக்குப் பங்கு உண்டே! தோற்ற இரவில் ஒருவன் எத்தனை மணிக்கு மீண்டும் வந்தான், எவ்வளவு கூட்டினான் என்பதெல்லாம் அவன் ஏட்டிற் பதிவாகின்றன. தான் எதிரியைப் படிப்பதாக எண்ணும் இளைஞன் உண்மையிற் படிக்கப்படுபவன். கள்ளுக்கும் மருந்துக்கும் இடையே சூதை வைத்த வள்ளுவர், வெற்றியையே மீன் விழுங்கும் தூண்டிலாகக் கண்டது இதனாற்போலும்.

எம் மாணவர் இவற்றைக் கேட்டுவிட்டு, "அப்படியானால் நான் தோற்றது திறமைக் குறைவால் இல்லையா, சேர்?" என்றார். எவ்வளவு தோற்றார் என்று அன்றுதான் கேட்டோம். அவர் கூறிய தொகை அவர் தாயின் இரண்டு மாதச் சம்பளம். புஷ்கினின் ஆங்கில மொழிபெயர்ப்பை அவரிடம் கொடுத்தோம். புத்தகம் இன்னும் திரும்பி வரவில்லை.