அம்புக்குறிப் படமும் ஸ்காண்டியமும்

பதினோராம் வகுப்பு வேதியியல் படித்தவர்களுக்கு அந்தச் சாய்வான அம்புக்குறிப் படம் மறந்திருக்காது. 3பி முடிந்ததும் 4எஸ், அதன் பிறகே 3டி. முதன்மைக் குவாண்டம் எண்ணையும் கோண உந்தக் குவாண்டம் எண்ணையும் கூட்ட வேண்டும். கூட்டுத்தொகை குறைந்த ஆர்பிட்டால் முதலில் நிரம்பும். 4எஸ்-க்கு 4, 3டி-க்கு 5. எர்வின் மாடலுங் 1936-இல் தந்த விதி இது.

இதன் பலத்தைக் குறைத்துச் சொல்ல முடியாது. 2, 8, 8, 18, 18, 32 எனத் தனிம வரிசை அட்டவணையின் வரிசைகள் நீளும் கணக்கு முழுவதும் இந்த ஒரு கூட்டலில் வந்துவிடுகிறது. பரீட்சைக்கு முந்தைய இரவில் இதைவிட நல்ல துணை ஏது?

சிக்கல், பாடநூல் இதை பௌலியின் தவிர்க்கைத் தத்துவத்துக்குப் பக்கத்தில் சம ஆசனம் போட்டு உட்கார வைப்பதில் இருக்கிறது. 1925-இல் வந்த பௌலி தத்துவத்தை எந்த அணுவும் மீறியதில்லை. மாடலுங் விதியையோ இருபது தனிமங்கள் வரை மீறுகின்றன. குரோமியம் 3டி5 4எஸ்1 என்று நின்றால், ‘சரிபாதி நிரம்பினால் நிலைப்புத்தன்மை அதிகம்’ என்று சமாதானம் சொல்கிறோம். அதே தொகுதியில் உள்ள டங்ஸ்டன் 5டி4 6எஸ்2 என்றே இருக்கிறது. நியோபியத்தின் 4டி4 5எஸ்1-இல் டி பாதியும் இல்லை, முழுதும் இல்லை. பிடித்த இடத்தில் மட்டும் பொருந்துவதை விளக்கம் என்று எப்படி ஏற்பது?

இதைவிடப் பெரிய குழப்பம் ஸ்காண்டியத்தில். 4எஸ் முதலில் நிரம்புகிறது என்கிறோம். அயனியாகும்போது முதலில் வெளியேறுவதும் 4எஸ் எலக்ட்ரானே என்கிறோம். முதலில் வந்தவர் ஏன் முதலில் போகிறார் என்று கேட்கும் மாணவரை ‘அப்படித்தான், எழுதிக்கொள்’ என்று உட்கார வைக்கிறோம். கேள்வியில் தவறில்லை. பொட்டாசியத்திலும் கால்சியத்திலும் 4எஸ்-இன் ஆற்றல்தான் குறைவு. ஸ்காண்டியத்துக்கு வந்ததும் 3டி கீழே இறங்கிவிடுகிறது. இரண்டு எலக்ட்ரான்களை இழந்த ஸ்காண்டியம் அயனியில் எஞ்சும் ஒன்று 3டி-யில்தான் இருக்கிறது. அடுத்து வரும் இரண்டும் 4எஸ்-க்குப் போவதற்குக் காரணம் இடநெருக்கடி: கருவை ஒட்டிய சிறிய 3டி-யில் எலக்ட்ரான்களின் விலக்குவிசை அதிகம்.

அம்புக்குறிப் படம் காட்டுவது ஒரு தனிமத்திலிருந்து அடுத்த தனிமத்துக்குப் போகும் வழி. ஓர் அணுவுக்குள் எலக்ட்ரான்கள் வரிசையில் நின்று ஏறிய கதையாக அதைச் சொல்வது பிழை. ஆசிரியர்கள் படத்தை அழிக்க வேண்டியதில்லை. குரோமியத்துக்கு முன்பாக ஸ்காண்டியம் அயனியைக் கரும்பலகையில் எழுதிக் காட்டுங்கள்.