அண்ணாச்சி கடை வெர்னியரும் என் பிரேக் தட்டும்

திருவனந்தபுரம் ஆரியசாலையிலிருந்து பொன்முடி மலை ஏறத்தாழ 55 கிலோமீட்டர். ஏறும்போது பிரேக்குக்கு வேலையில்லை. கல்லாறு வரை 22 கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி வரும்போதுதான் அதன் குணம் தெரியும். 2023 அக்டோபரில் ஆசிய மலை சைக்கிள் சாம்பியன்ஷிப் நடந்த மலை அது. நான் போட்டிக்காரன் அல்ல, மாதம் இரண்டு ஞாயிறு ஏறி இறங்குகிறவன்.

இந்த மழைக்காலம் முடிந்ததும் பாதி இறக்கத்திலேயே முன் பிரேக்கின் பிடி தளர்ந்தது. பேடு மாற்றினேன், சரியாகவில்லை. தட்டை நகத்தால் தடவியபோது விளிம்பருகே ஒரு படி தட்டுப்பட்டது.

என் வண்டியில் இருப்பது ஷிமானோ எம்டி200 ஹைட்ராலிக் பிரேக், 160 மி.மீ. தட்டு. புதிதில் 1.8 மி.மீ. கனம். 1.5-க்குக் கீழே போனால் கழற்றிவிட வேண்டும் என்று தட்டிலேயே பொறித்திருக்கிறது. இந்தக் கணக்கு எல்லா நிறுவனத்துக்கும் ஒன்றல்ல. ஸ்ராமின் எச்எஸ்2 தட்டு 2.0-இல் தொடங்கி 1.7-இல் முடிகிறது. மகூராவுக்கு 1.8-தான் எல்லை, அதாவது ஷிமானோ புதிதாக வரும் கனத்தில் மகூராவின் ஆயுள் தீர்ந்துவிடும்!

சாலைக் கடைத்தெருவில் ஹார்டுவேர் அண்ணாச்சியிடம் வெர்னியர் வாங்கி அளந்தேன். 1.72. நல்ல கனம்தானே என்றேன். அவர் சிரித்தார். “ஓரத்தப் பிடிச்சா ஓரந்தான் காட்டும் தம்பி. தேய்ஞ்ச எடத்தப் பிடிங்க.” பேடு தொடாத விளிம்பு தேய்வதில்லை, வெர்னியரின் தாடை அதில்தான் உட்கார்ந்திருந்தது. கால் அங்குல சைக்கிள் பால்ஸ் இரண்டை எடுத்து, பேடு ஓடும் தடத்தில் இருபுறமும் வைத்துப் பிடித்தார். 14.14. இரண்டு பால்ஸுக்கு 12.70 போக, மிச்சம் 1.44. எல்லையான 1.5-க்கும் கீழே.

கனம் குறைந்தால் சூட்டை வாங்கிக்கொள்ள இரும்பு போதாது. தட்டு சீக்கிரம் கொதிக்கும், வளையும். பிஸ்டனும் கூடுதலாக வெளியே வர வேண்டியிருக்கும்.

கிறீச்சிடுகிறது என்பதற்காக மட்டும் தட்டை மாற்றாதீர்கள். செயின் எண்ணெய் தெறித்ததால்தான் பெரும்பாலும் அந்தச் சத்தம். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் துடைத்துப் பாருங்கள். லேசான கோணலை நிமிர்த்திவிடலாம். விரிசல் கண்டால் மட்டும் அளக்கவே வேண்டாம், உடனே மாற்றுங்கள்.

புதுத் தட்டுக்கு ஆறு டி25 திருகுகள், குறுக்கும் மறுக்குமாக முறுக்க வேண்டும். என் தட்டு ரெசின் பேடுக்கு மட்டுமானது, மெட்டல் பேடு போட்டால் சீக்கிரம் அரித்துவிடும். விடியற்காலையில் கிள்ளிப்பாலம் பக்கம் இருபது முறை பிரேக்கை மெல்லப் பிடித்துப் பிடித்து விட்டுப் பழக்கினேன். அடுத்த ஞாயிறு பொன்முடியில் 22 வளைவிலும் பிடி ஒரே சீராக இருந்தது.

பின் தட்டு 1.63. அதை மாற்றவில்லை. துலாவர்ஷம் என்கிற வடகிழக்குப் பருவமழை முடிந்ததும் மறுபடி அளப்பேன்.