கிளுக்கெல் அம்மையாரின் நினைவேடும் யூதக் குடும்ப அறமும்

அறநூல் கற்பிப்பது வேறு. அறத்தின்வழி நின்றார் வாழ்க்கை கற்பிப்பது வேறு. யூதர்தம் இலக்கியத்தில் முன்னைய வகை நூல்களுக்குக் குறைவில்லை. மரணசாசனத்தால் பொருளைப் பங்கிடுவது போல, மக்களுக்கு அறிவுரையை எழுதிவைத்துச் செல்லும் வழக்கமும் இடைக்காலத்தில் அவரிடையே வளர்ந்தது. 12ஆம் நூற்றாண்டிலே யூதா இபின் திப்போன் தம் மகன் சாமுவேலுக்கு எழுதியது அவ்வகையில் பெயர்பெற்றது. எனினும், ஆசிரியரைத் தேடிக் கொணர்ந்ததையும் நூல்களை வாங்கிக் கொடுத்ததையும் ஒவ்வொன்றாக எடுத்துச்சொல்லி மகனைக் கடியும் அத்தந்தையின் குரலில், அன்போடு கணக்கும் கலந்தே ஒலிக்கின்றது.

இதற்கு மாறான போக்குடையது கிளுக்கெல் அம்மையாரின் நினைவேடு. 17ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் யேர்மனியின் ஹம்பேர்க் நகரிலே பிறந்து, பதினான்காம் அகவையில் மணம்புரிந்த இவ்வம்மையார், 1689இல் கணவர் ஹாயிமை இழந்தார். உறக்கமற்ற இரவுகளின் துயரை ஆற்றும்பொருட்டு 1691இல் எழுதத் தொடங்கினார். தாம் எழுதுவது அறநூலன்று என்றும், அது தம்மால் இயலாதது என்றும், அறிஞர் எழுதியனவே பல உள என்றும் மக்களுக்குத் தொடக்கத்திலேயே கூறிவிடுகின்றார். இதனை வெறும் அவையடக்கமாகக் கொள்ளுதல் பொருந்தாது. நூலின் முறையே இதுதான்.

முதற்பகுதியில் வரும் பறவைக் கதை பலராலும் எடுத்தாளப்படுவது. புயலடிக்கும் கடலைக் கடத்தற்குத் தந்தைப்பறவை தன் மூன்று குஞ்சுகளையும் ஒவ்வொன்றாகச் சுமந்து செல்கின்றது. நடுக்கடலிலே முதற்குஞ்சினை நோக்கி, ‘யான் முதுமையுற்றபோது நீயும் என்னை இவ்வாறு காப்பாயோ?’ என வினவுகின்றது. காப்பேன் என்கின்றது குஞ்சு. பொய்யென்று அதனைக் கடலில் விட்டுவிடுகின்றது தந்தை. இரண்டாவதற்கும் அதே கதி. மூன்றாவது குஞ்சோ, அவ்வாறு உறுதிகூற இயலாதென்றும், நீ எனக்குச் செய்வதை நான் என் குஞ்சுகளுக்குச் செய்வேன் என்றும் விடையிறுக்கின்றது. அதுவே கரை சேர்கின்றது.

தாய்தந்தையரைப் போற்றுக என்பது பத்துக் கட்டளைகளுள் ஒன்று. அக்கட்டளைக்கு இக்கதை முரணானதன்றோ என்னும் ஐயம் எழுதல் இயல்பே. ஆயினும் தந்தைப்பறவை தண்டிப்பது நன்றியின்மையை அன்று. அஞ்சிச் சொன்ன இனிய பொய்யை. (அதற்கு உயிரையே வாங்கும் தந்தை கொடியவன் என்பதையும் மறுத்தற்கில்லை, கதையின் கடுமை அம்மையாரை உறுத்தியதாகத் தெரியவில்லை.) பெற்றோர் மக்களுக்காகச் சலியாது உழைப்பர், மக்களோ பெற்றோர்பொருட்டு அவ்வளவு உழைக்க நேரின் விரைவில் சலிப்பர். இஃது அவர் கண்ட உண்மை. கடனைத் திரும்பப் பெறுதலை விடுத்து அடுத்த தலைமுறைக்குக் கொடுத்தலையே அவர் ஒழுக்கத்தின் வழியாகக் காண்கின்றார்.

இக்கொள்கைக்கு உயிரூட்டுவன அவர் கூறும் குடும்பச் செய்திகள். போலந்து நாட்டு வில்னாவிலிருந்து அகதிகளாய் வந்த யூதர் தொற்றுநோயுடன் அவர் தந்தையாரின் வீட்டு மேன்மாடத்திலே கிடந்தனர். மகளும் மருமகனும் விரும்பாதபோதும், பாட்டியார் மத்தே நாள்தோறும் மூன்று நான்கு முறை படியேறிச் சென்று அவர்களைப் பேணினார். அந்நோயே தம்மையும் பற்ற, பத்து நாளில் இறந்தார். இதனைச் சொல்லும்போது அம்மையார் எந்த நீதியையும் பிரித்தெடுத்துக் காட்டுவதில்லை. சிறுமியாய் அவ்வீட்டில் இருந்து கண்டதைக் கூறுகின்றார், அவ்வளவே. கணவர் வழிபாட்டில் இருக்கும்போது வணிகத்திற்காக எவரும் அவரை அழைக்கத் துணியார் என்றும், அதனால் ஒருமுறை பல நூறு தாலர் ஆதாயம் கைநழுவியது என்றும் வரும் செய்தியும் இத்தகையதே.

குறைகளும் உள. மணப்பேச்சுகளிலே சீதனத் தொகைகள் அடிக்கடி தலைகாட்டுகின்றன. செல்வரோடு சம்பந்தம் கொண்ட பெருமை பக்தியோடு ஒட்டிக்கொண்டே வருகின்றது. ஆயினும் மகன் லேபு பேர்ளினில் கடன்பட்டு நொடித்ததையும் அவர் மறைத்தாரல்லர். நற்குடும்பத்தின் எடுத்துக்காட்டு எல்லா மக்களையும் ஒருபடித்தாக ஆக்குவதில்லை என்பதை நூலே ஒப்புக்கொள்கின்றது. அறம்போதிக்கும் நூல்களிற் பல இவ்விடத்தில் வாய்மூடிவிடும்.

நூலின் உயர்ந்த பகுதி ஏழாவதே. மக்களுக்குப் பாரமாயிருத்தல் ஆகாதென எண்ணி, 1700இல் மெற்ஸ் நகரத்துச் செல்வர் ஒருவரை அம்மையார் மறுமணம் புரிந்தார். இரண்டாண்டில் அவர் முறிந்துபோகவே, அம்மையாரின் பொருளும் அதனோடு போயிற்று. 1712இல் அவரும் இறந்தார். மகள் எஸ்தரும் மருமகனும் தம்மோடு வந்திருக்குமாறு வேண்டியும் இசையாதிருந்த அம்மையார், 1715இலேதான் அவர்கள் இல்லம் சேர்ந்தார். மூன்றாம் குஞ்சு உறுதிகூற மறுத்ததை எஸ்தர் உறுதி எதுவும் கூறாமலே செய்தார். உணவில் சிறந்த பகுதி தம் தட்டிலேயே வைக்கப்படுகின்றதென எழுதும் முதியவர், அது தமது தகுதிக்கு மிஞ்சியதென்றும், இறைவன் இதனைத் தம் புண்ணியத்தில் கழித்துக்கொள்வானோ என்றும் அஞ்சுகின்றார்.