'பயணிகளின் கனிவான கவனத்திற்கு': கூப்பிடப்படுபவர் யார்?

தெப்பக்காட்டுக்கு ரயில் கிடையாது. ரயிலைப் பார்க்க ஊட்டிக்குப் போக வேண்டும். அதற்கும் மசினகுடி தாண்டிக் கல்லட்டி மலைப்பாதையின் 36 கொண்டை ஊசி வளைவுகளை ஏறியாக வேண்டும். ஆனாலும் புறநகர் ரயில்களில் கொண்டுவரப்படும் மாற்றங்களை எதிர்த்து மக்கள் நடத்துகிற போராட்டங்களைப் பற்றி எழுத உட்கார்ந்தால், தெப்பக்காட்டு முக்கில் நின்றிருந்த ஒரு சாயங்காலம்தான் முன்னால் வந்து நிற்கிறது. வேறு வழியில்லை, அதையே முதலில் சொல்லிவிடுகிறேன்.

கூடலூரிலிருந்து மைசூர் போகும் சாலையில் மசினகுடிக்குப் பிரிகிற இடம் அது. பக்கத்தில் மாயாறு. ஏழரை மணி பஸ்ஸுக்காக மூன்று பேர் நின்றோம்: நான், கூடலூர் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டுத் திரும்பிய ஒரு குறும்பர் மூதாட்டி, அவர் பேத்தி. எட்டேகால் ஆயிற்று. "வராதுங்க தம்பி. ரெண்டு நாளா இந்த நடை இல்லை" என்றார் அந்தம்மா, ஏதோ மழை வராது என்பதைப் போல. இல்லையென்று தெரிந்தும் ஏன் நிற்கிறீர்கள் என்று கேட்டேன். "வந்தாலும் வருமில்ல" என்றார். ஒன்பது மணிக்குக் கேட்டை அடைத்தால் காலை ஆறு வரை திறக்க மாட்டார்கள். நடந்து போகவும் முடியாது, யானை நிற்கும். கடைசியில் காய்கறி இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பிய ஒரு வேன்காரர் ஏற்றிக்கொண்டார். சாவடியில் வாச்சர் நோட்டை விரித்து வண்டி நம்பரை எழுதினார், டிரைவர் பெயரை எழுதினார். பின்னால் உட்கார்ந்திருந்த எங்களை டார்ச் அடித்துப் பார்த்தார், எழுதவில்லை. எழுத அந்த நோட்டில் பத்தியும் இல்லை.

அல்தூஸர் கருத்தியல் பற்றி 1970ல் எழுதிய கட்டுரையில் வருகிற போலீஸ்காரர் நம் வாசகர்களுக்குப் பழக்கமானவர். தெருவில் போகிறவனை அவர் கூப்பிடுகிறார், அவன் திரும்புகிறான், திரும்பிய கணத்தில் சட்டத்தின் தன்னிலையாகிவிடுகிறான். தமிழ்நாட்டில் இதற்கு இதைவிட நல்ல உதாரணம் ரயில் நிலைய ஒலிபெருக்கி. 'பயணிகளின் கனிவான கவனத்திற்கு' என்ற குரல் வந்ததும் வாத்தியார், கொத்தனார், பூக்காரம்மா என்று எல்லோரும் பயணிகளாகித் தலையைத் தூக்குகிறார்கள். இந்தக் கூப்பாட்டுக்குள் இடம் பிடிப்பதே ஒரு காலத்தில் போராட்டமாக இருந்தது என்பதை மறந்துவிடக் கூடாது. ரயில் நிலைய உணவுச்சாலைகளில் பிராமணருக்குத் தனி இடம், மற்றவர்களுக்குத் தனி இடம் என்றிருந்த ஏற்பாடு பெரியாரின் கிளர்ச்சிக்குப் பிறகுதான் 1941ல் போனது. டிக்கெட் எல்லோருக்கும் ஒன்றாக இருந்தாலும் 'பயணி' என்ற பெயர் எல்லோருக்கும் ஒன்றாகக் கிடைத்துவிடவில்லை.

சரி, பம்பாய்க்கு வருவோம். அங்கே முதல் குளிர்சாதன லோக்கல் ரயில் 2017 டிசம்பரில் ஓடியது. 2022 ஆகஸ்டில் மத்திய ரயில்வே மேலும் பத்து குளிர்சாதன நடைகளை அறிவித்தது. இவை புது நடைகள் அல்ல, ஓடிக்கொண்டிருந்த சாதாரண நடைகளை எடுத்துவிட்டு அந்த இடத்தில் வைத்தவை. கட்டணமோ பல மடங்கு. நேற்றுவரை அதே நேரத்துக்கு அதே வண்டியில் போனவர் இன்று முன்வண்டியிலோ பின்வண்டியிலோ தொங்க வேண்டும். தொங்குவது என்றால் என்ன என்று பம்பாய்க்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. 2025 ஜூன் 9ஆம் தேதி மும்ப்ரா அருகே தொங்கிக்கொண்டு போனவர்கள் விழுந்து குறைந்தது நான்கு பேர் செத்தார்கள். ஆகஸ்ட் 19 அன்று கல்வாவில் பணிமனையிலிருந்து கிளம்பிய குளிர்சாதன வண்டியை ஜனங்கள் மறித்தார்கள். பத்லாப்பூரிலும் கூட்டம் திரண்டது. 25ஆம் தேதி பத்து நடைகளையும் ரயில்வே திரும்பப் பெற்றது. ஒரு வாரம்கூட ஆகவில்லை.

இந்த வெற்றியை நம் தோழர்கள் 'மக்கள் எழுச்சி' என்று கொண்டாடுவார்கள். கொண்டாடட்டும். ஆனால் இவ்வளவு சீக்கிரம் எப்படி முடிந்தது என்ற கேள்வி எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஆலை தொழிலாளியைச் சுரண்டுவதற்காக ஓரிடத்தில் சேர்க்கிறது, சேர்த்ததனாலேயே சங்கமும் வந்துவிடுகிறது என்பது மார்க்சியப் பாலபாடம். ரயில் கால அட்டவணையும் அதே வேலையைச் செய்கிறது. தினமும் அதே நிமிஷத்தில் அதே பிளாட்பாரத்தில் அதே ஆயிரம் பேரைக் கொண்டுவந்து நிறுத்துவது அதுதான். யாரும் துண்டறிக்கை போட்டு ஆள் திரட்ட வேண்டியதில்லை. எந்த அட்டவணை அவர்கள் உடம்பை ஆள்கிறதோ அதுவே அவர்களுடைய கூட்டத்துக்கும் ஏற்பாடு செய்து வைத்திருக்கிறது. மாற்றம் வந்த காலையில் கூட்டம் ஏற்கெனவே அங்கே நின்றுகொண்டிருந்தது.

இதற்கு நேர்மாறான சங்கதி சென்னையில் நடந்தது. கடற்கரைக்கும் எழும்பூருக்கும் இடையே நான்காவது பாதை போடுவதற்காக, 2023 ஆகஸ்ட் 27 முதல் கடற்கரை–சிந்தாதிரிப்பேட்டை இடையே பறக்கும் ரயில் நிறுத்தப்பட்டது. ஏழு மாதம் என்றார்கள். திரும்ப ஓடியபோது 2024 அக்டோபர் கடைசி, பதினான்கு மாதம். மனுக்கள் போயின, பத்திரிகைகள் எழுதின, முணுமுணுப்பும் இருந்தது. மறியல் என்று சொல்லும்படி ஒரு கல்வா மட்டும் வரவில்லை. வேளச்சேரிக்காரர்களுக்கு ரோஷம் குறைவு என்று ஒரு நண்பர் சொன்னார் (அவர் பம்பாயில் பத்து வருஷம் இருந்தவர், பெருமை போகவில்லை). எனக்கு அப்படித் தோன்றவில்லை. நடையை மாற்றினால் கூட்டம் பிளாட்பாரத்தில் நிற்கிறது. நடையையே நிறுத்திவிட்டால் அந்தக் கூட்டம் 27ஆம் நம்பருக்கும் ஷேர் ஆட்டோவுக்கும் பிரிந்து போய்விடுகிறது. எதிர்க்க வேண்டியவர் எதிர்ப்பதற்கு முன்பே கலைந்துவிடுகிறார். ரத்தான ரயிலுக்கு அறிவிப்பும் ஒரு தடவைதான்.

எங்கள் மலை ரயிலுக்கு நடந்தது மூன்றாவது வகை. மேட்டுப்பாளையத்திலிருந்து 1899ல் குன்னூருக்கும் 1908ல் ஊட்டிக்கும் வந்த பாதை இது. குன்னூர், வெலிங்டன், அரவங்காடு, கேத்தி, லவ்டேல் என்று அதன் நிலையங்களை வாய்விட்டுச் சொன்னாலே அது யாருக்கான வண்டியாக இருந்தது என்பது விளங்கும். அரவங்காட்டு வெடிமருந்துத் தொழிற்சாலைக்குப் போகிறவர்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள், ஊட்டி ஆபீஸ்களின் குமாஸ்தாக்கள் எல்லாம் சீசன் டிக்கெட்டில் போய்வந்த, சின்னதானாலும் உண்மையான ஒரு புறநகர் ரயில். 2005ல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக்கியது. சின்னமான பிறகு அதில் போவதைவிட அதைப் பார்ப்பது முக்கியமாகிவிட்டது. 2018 அக்டோபரில் கட்டணம் பல மடங்கு ஏறியது. 2020 மார்ச்சில் கொரோனாவுக்காக நிறுத்தப்பட்ட அன்றாட வண்டி இன்னும் ஓடத் தொடங்காதிருந்த டிசம்பரில், ஒரு தனியார் நிறுவனம் ரயிலை வாடகைக்கு எடுத்து ஆளுக்கு 3,000 ரூபாய் வாங்கி ஓட்டியது. பணிப்பெண்களும் உபசாரமும் உண்டு. கண்டனம் எழுந்ததும், இது வாடகை ஓட்டம்தான், தனியார்மயம் அல்ல என்று ரயில்வே விளக்கியது. அந்த ஓட்டத்துக்கு வைத்த பெயர் 'டிஎன் 43'. நீலகிரி மாவட்டத்து வண்டிகளின் பதிவு எண்! உள்ளூர்க்காரன் ஏற முடியாத வண்டிக்கு உள்ளூர்க்காரனின் அடையாளம். கிண்டல் செய்ய வேண்டுமென்று நினைத்துக்கூட இப்படி ஒரு பெயரை நம்மால் வைத்திருக்க முடியாது.

இங்கே வண்டி நிற்கவில்லை, நேரமும் பெரிதாக மாறிவிடவில்லை. 'பயணி' என்ற சொல்லுக்குள் இருந்த ஆளை மட்டும் மாற்றியிருக்கிறார்கள். ஒலிபெருக்கி அதே மரியாதையோடு கூப்பிடுகிறது. திரும்பிப் பார்க்கிறவர் ஜன்னலோரத்தில் காமிராவோடு உட்கார்ந்திருக்கிறார்.

இனி மறுபடி தெப்பக்காட்டு முக்கு. இந்தச் சாலையின் கர்நாடகப் பகுதியில், பந்திப்பூர் காட்டுக்குள், 2009 ஜூனில் சாமராஜநகர் மாவட்ட நிர்வாகம் இரவுப் போக்குவரத்தைத் தடை செய்தது. எதிர்ப்பு வந்ததும் சில நாட்களில் அதைத் திரும்பப் பெற்றது. வழக்காகி, 2010 மார்ச்சில் கர்நாடக உயர்நீதிமன்றம் தடையை உறுதி செய்தது. இரவு ஒன்பது முதல் காலை ஆறு வரை. அவசர ஊர்திகளுக்கும் சில பஸ்களுக்கும் மட்டும் விலக்கு. கேரளம் உச்சநீதிமன்றம் போனது. 2019 செப்டம்பரில் சுல்தான் பத்தேரியில் இளைஞர்கள் காலவரையற்ற உண்ணாவிரதம் இருந்தார்கள், வயநாடே திரண்டது. முன்னால் நின்ற அமைப்புகளில் ஒன்றின் பெயர் நீலகிரி–வயநாடு தேசிய நெடுஞ்சாலை, ரயில்வே நடவடிக்கைக் குழு. நஞ்சன்கூட்டிலிருந்து நிலம்பூருக்கு ரயில் விட வேண்டும் என்பதும் அதே குழுவின் கோரிக்கைதான். அதனால்தான் இந்தப் போராட்டத்தையும் ரயில் போராட்டங்களின் பங்காளியாகவே பார்க்கிறேன்.

இரண்டு தரப்பும் பேசிய மொழியைக் கவனியுங்கள். தடையை எதிர்த்தவர்கள் சரக்கு லாரி, பெங்களூர் பஸ், சுற்றுலா, வணிகம் என்றார்கள். ஆதரித்தவர்கள் யானை, புலி, வலசைப் பாதை என்றார்கள். ஒருபக்கம் காட்டைக் கடந்து போகிறவர், மறுபக்கம் காட்டில் இருக்கிற விலங்கு. காட்டுக்குள்ளேயே கிடந்து, ஆஸ்பத்திரிக்கும் ரேஷனுக்கும் பள்ளிக்கும் பதினைந்து இருபது கிலோமீட்டர் போய்த் திரும்ப வேண்டிய குறும்பரும் இருளரும் பணியரும் காட்டுநாயக்கரும் இரண்டு பட்டியலிலும் இல்லை. சாலையோரப் பலகைகூட 'வாகனத்தை விட்டு இறங்காதீர்' என்றுதான் சொல்கிறது. வாகனமே இல்லாதவரிடம் பேசுவதற்கு அதனிடம் ஒரு வாக்கியமும் இல்லை.

ஒரு விஷயத்தை ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். நான் இரவுத் தடையை ஆதரிப்பவன். ராத்திரி லாரி அடித்துப்போட்ட மானைக் காலையில் பார்த்திருக்கிறேன். கேட்டைத் திறந்துவிடு என்று என்னால் கோஷம் போட முடியாது. எனவே 'மக்கள் எதிர்க்கிறார்கள், ஆகவே நாமும்' என்ற நம்முடைய வழக்கமான சூத்திரம் இங்கே எனக்கு உதவவில்லை. எந்த மக்கள் என்று கேட்டால் அது கலகக் குரலைப் பிளவுபடுத்துவதாகும் என்று ஒரு தோழர் கோபித்துக்கொண்டார். ஆனால் கல்வாவில் நடந்ததே அந்தப் பிளவுதானே? குளிர்சாதன வண்டியில் ஏறக் காத்திருந்தவரும் பயணிதான், அதை மறித்தவரும் பயணிதான். மறித்தவர்கள் 'நாங்கள் எல்லாப் பயணிகளுக்காகவும் பேசுகிறோம்' என்று சொல்லவில்லை. எங்கள் வண்டியை எடுத்துவிட்டுத்தான் இந்த வண்டி வருகிறது என்றார்கள். 'பொதுமக்கள்' என்ற மூட்டையை அவிழ்த்ததில்தான் அவர்களுடைய பலம் இருந்தது. பத்தேரி மேடையில் அந்த மூட்டை கடைசிவரை கட்டியே கிடந்தது.

சூழலியல் நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை. 1940ல் சரணாலயம், 2007ல் புலிகள் காப்பகம் என்று முதுமலை ஆக ஆக, காட்டுக்குள் இருப்பவரிடம் 'எப்போது வெளியே போகிறாய்' என்ற கேள்வியைத்தான் அரசு திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறது. குடும்பத்துக்குப் பத்து லட்சம் என்று 2008ல் வந்த இடமாற்றத் திட்டத்துக்கும், ரத்தாகிற கடைசி பஸ்ஸுக்கும் சம்பந்தமில்லை என்று நினைக்கிறீர்களா? கட்டாயப்படுத்தக் கூடாது என்று சட்டம் சொல்கிறது. யாரும் கட்டாயப்படுத்த வேண்டாம். சாயங்கால நடையை எடுத்துவிட்டால் போதும். 2023ல் தெப்பக்காட்டு யானைப் பாகன் தம்பதியைப் பற்றிய ஆவணப்படம் ஆஸ்கார் வாங்கியது. அந்த வருஷம் பிரதமர் வந்தார், குடியரசுத் தலைவர் வந்தார், யானை முகாமில் கூட்டம் நெரிந்தது. வந்தவர்கள் எல்லோரும் ஒன்பது மணிக்கு முன்னால் திரும்பிப் போய்விடக் கூடியவர்கள்.

கேட் அடைத்தே இருக்கட்டும். அடைப்பதற்கு முன்னால் ஒரு பஸ் கட்டாயம் வர வேண்டும், திறந்ததும் ஒரு பஸ் வர வேண்டும், நடுராத்திரியில் பிரசவ வலி வந்தால் கூப்பிடுகிற நேரத்துக்கு வண்டி வர வேண்டும் என்று கேட்பது லாரிக்காரரின் கோரிக்கையும் அல்ல, புலியின் கோரிக்கையும் அல்ல. அதனால்தான் அது எந்த மேடையிலும் ஏறவில்லை. பிளாட்பாரத்து ஆயிரம் பேர் அதற்குக் கிடைக்கப்போவதும் இல்லை, முக்கில் நிற்பது எப்போதும் மூன்று பேர்தான்.

அந்த வாரமே ஏழரை நடையைத் திரும்ப விடக் கோரி ஒரு மனு எழுதினேன். கீழே என்ன பெயர் போடுவது என்பதில் சிக்கல். 'பயணிகள் நலச் சங்கம்' என்றார் மசினகுடி நண்பர். சங்கம் என்றால்தான் ஆபீசில் வாங்குவார்கள் என்றார். மனுவைப் படித்துக் காட்டினபோது அந்தம்மா பாதியில் நிறுத்தி, "பயணின்னா யாருங்க தம்பி, டூரிஸ்ட்டா?" என்று கேட்டார். அடித்துவிட்டு 'தெப்பக்காட்டில் குடியிருக்கும் நாங்கள்' என்று எழுதினேன். அவர் ரேகை வைத்தார், பேத்தி கையெழுத்துப் போட்டாள். என் கையெழுத்தை அதில் போடலாமா என்று யோசித்து, நான் அங்கே குடியிருப்பவன் இல்லையே என்று, தனியாக ஒரு தாளில் போட்டு இணைத்தேன். ஆபீசில் இரண்டு தாளையும் சேர்த்துக் குண்டூசி குத்தி வாங்கிக்கொண்டார்கள். பதிவு எண் தரவில்லை. அடுத்த தடவை போகும்போது கேட்க வேண்டும்.