புறப்பட்ட துறையும் சேர்ந்த துறையும்

அல்லலுற்றோர்க்குக் கடல் கடந்து பொருள் அனுப்புவதைப் பற்றி நம்மவர் எழுதியவற்றை ஒருங்கே வைத்து நோக்குவோர்க்கு ஓர் உண்மை எளிதிற் புலனாகும். கப்பல் புறப்படும் துறைமுகத்தைப் பற்றி நம்மிடம் எழுத்துக்குக் குறைவில்லை; அது வந்து சேரும் துறைமுகத்தைப் பற்றிய எழுத்தோ மிக அரிது. இரவு பகலாக மூட்டை கட்டும் இளைஞர், காதில் கிடந்ததைக் கழற்றிக் கொடுக்கும் மூதாட்டி, உண்டியலை உடைக்கும் சிறுவன் ஆகிய மூவரும் இவ்வகைக் கதைகளிலும் கவிதைகளிலும் தவறாது தோன்றுவர். இவர்கள் கற்பனைப் பொம்மைகள் அல்லர். இவர்களைப் போன்றோரை நாம் கண்டிருக்கிறோம், கைகூப்பியும் இருக்கிறோம். ஆயின், கப்பல் சங்கு ஊதியதும் கதை முடிந்துவிடுகிறது. மூட்டையை அவிழ்த்தவர் யார்? எத்தனை நாள் கழித்து அவிழ்த்தார்? அவிழ்க்கவிடாமல் இடையில் நின்றவர் யார்? அது அவருக்குத் தேவைப்பட்டதற்குக் காரணந்தான் என்ன? இக்கேள்விகளை எழுப்பாத எழுத்தை முற்போக்கு எழுத்தென்று கொள்வதில் எமக்குத் தயக்கம் உண்டு.

நாம் ஹெவ்லொக் டவுனில் இருந்து இதை எழுதுகிறோம். கொழும்புத் துறைமுகம் நகரின் மறுகோடியில், கொட்டாஞ்சேனைப் பக்கத்தில் இருக்கிறது. உதவிக் கப்பலை நாம் காண்பது சேர்ந்த துறையிலிருந்து. கண்ணோட்டம் மாறுபடுவதற்கு அதுவே போதுமான காரணம். இன்னொன்றும் சொல்லலாம். இப்பகுதிக்குப் பெயர் தந்த ஆளுநர் ஆதர் ஹெவ்லொக்கின் ஆட்சியிலேதான் (1890-95) நெல்வரி நீக்கப்பட்டது. அதற்கு முன்னர் வரி நிலுவைக்காகக் காணி ஏலம்போய்ப் பட்டினி கிடந்த குடியானவர் வலப்பனைப் பகுதியில் மலிந்திருந்தனர். பசி வானத்திலிருந்து விழுவதன்று என்பதை நினைவூட்ட எமக்குத் தெருவின் பெயரே போதும்.

2009 ஆம் ஆண்டின் முற்பகுதியில் வன்னியின் இறுதிப் போர் மக்களைக் கடற்கரை ஓரத்துக்கு ஒதுக்கிக்கொண்டிருந்தபோது, ஐரோப்பாவில் வாழ்ந்த தமிழர் மிகக் குறுகிய காலத்தில் 884 தொன் உணவும் மருந்தும் பிறவும் திரட்டினர். 'கப்டன் அலி' என்ற கப்பல் இங்கிலாந்தின் இப்ஸ்விச் துறையில் பொருள் ஏற்றி, பிரான்ஸின் தென்கரையிலிருந்து மே மாதத்தில் இலங்கையை நோக்கிப் புறப்பட்டது. தொழிற்சாலையிலும் உணவகத்திலும் கூலிக்கு உழைத்துக் கடன் அடைத்துக்கொண்டிருந்த மனிதர் பலரின் கைப்பணம் அதில் இருந்தது என்பதை மறக்கலாகாது. செல்வர் எறிந்த மிச்சமன்று அது.

கப்பல் நடுக்கடலில் இருக்கையிலேயே போர் முடிந்துவிட்டது. யாருக்காகப் புறப்பட்டதோ அவர்களுள் உயிர் தப்பியோர், ஏறத்தாழ மூன்று இலட்சம் பேர், வவுனியாவை அடுத்த மெனிக் பாம் முதலிய முகாம்களின் முள்வேலிக்குள் அடைபட்டிருந்தனர். ஜூன் முதல் வாரத்தில் இலங்கைக் கடற்படை கப்பலை வழிமறித்துச் சோதனையிட்டது. ஆயுதம் எதுவும் அகப்படவில்லை. எனினும் கப்பல் திருப்பி அனுப்பப்பட்டது. சென்னைக்கு அப்பால் நங்கூரமிட்டுக் காத்துக் கிடந்து, தமிழகத்திலும் புதுடில்லியிலும் பேச்சுகள் நடந்தேறிய பின், சரக்கு வேறொரு கப்பலுக்கு மாற்றப்பட்டு ஜூலையிலே கொழும்பை அடைந்தது. இனியாவது விநியோகம் நடக்கும் என்று எண்ணியோர் ஏமாந்தனர். செஞ்சிலுவைச் சங்கத்தின் கைக்கு அது மாறும்வரை, வரியென்றும் கட்டணமென்றும் நடைமுறையென்றும் காரணம் காட்டப்பட்டு, மாதக்கணக்கில் அவை துறைமுகத்திலேயே கிடந்தன. முகாமில் பால்மாவுக்கும் மருந்துக்கும் வரிசை நின்றது; பால்மாவும் மருந்தும் கொழும்பில் வெயில் காய்ந்தன. நாம் அந்நாட்களில் வழமைபோல் வெள்ளவத்தைச் சந்தைக்குப் போய்வந்தோம் என்பதையும் ஒளிக்காமற் சொல்லிவிட வேண்டும்.

இக்கப்பலை அனுப்பியவர் அதற்கு இட்ட பெயர் 'வணங்காமண்'. வன்னியை அவ்வாறு போற்றி அழைப்பது வழக்கம். மேடையில் அது உள்ளத்தைக் கிளர்த்தும் பெயர். பணம் விரைந்து சேர்ந்ததற்கு அப்பெயரும் ஒரு காரணமாகலாம். ஆனால் அது அனுப்புபவரின் பெருமிதத்தைச் சொல்லும் பெயரேயன்றிப் பெறுபவரின் நிலையைச் சொல்லும் பெயரன்று. வேலிக்குள் தகரக் குவளையோடு நின்ற தாய் அப்போது எதற்கும் வணங்க வேண்டிய நிலையிலேதான் வைக்கப்பட்டிருந்தாள். பெயரைக் கொடியாகக் கண்டு மிரண்டதாக அதிகாரம் காட்டிக்கொள்ளவும் வாய்ப்பாயிற்று. இதனால் தடுத்தவரின் குற்றம் அணுவளவும் குறையாது. அரிசியைத் தடுப்பதற்குப் பெயர் ஒரு நியாயமாகாது. நாம் இங்கே பேசுவது எழுத்தின் பொறுப்பை. 1987 ஜூன் 3 ஆம் திகதி இராமேசுவரத்திலிருந்து 19 படகுகளில் வந்த நிவாரணப் பொருளையும் இதே கடற்படை திருப்பி அனுப்பியது. மறுநாள் இந்திய வானூர்திகள் சுமார் 25 தொன் பொருளை யாழ்ப்பாணத்தின்மீது போட்டுச் சென்றன. அதற்கு இந்திய அரசு சூட்டிய பெயர் 'பூமாலை'. அரிசிக்குப் பூமாலை என்று பெயரிட்டவர் பசித்திருந்தவராக இருக்க முடியாது.

பூவைப் பற்றிப் பேச்சு வந்ததால், வேறொரு பூவையும் நினைவுகூர்தல் தகும். முதலாம் உலகப் போர் ஓய்ந்த நாளாகிய நவம்பர் 11 இல் கொழும்பில் ஆண்டுதோறும் பொப்பிப் பூ விற்பார்கள். சேர்ந்த பணத்திற் பெரும்பங்கு கடல் கடந்து பிரித்தானியப் படைவீரரின் நலனுக்குச் சென்றது. அதுவும் ஒருவகை நிவாரணந்தான். ஆண்டு தவறாமல், சுணக்கமின்றிச் சேர்ந்த நிவாரணம். அதற்கு எதிராக எழுந்ததே சூரிய மல் இயக்கம். சூரிய மல் என்பது நம் பூவரசம் பூ. இங்கு ஆசிரியப் பணி புரிந்த ஆங்கிலேயப் பெண்மணி டொரீன் யங், பின்னாளில் டொரீன் விக்கிரமசிங்க, 'பூக்களின் போர்' என்ற பொருளில் தலைப்பிட்டு டெய்லி நியூஸ் பத்திரிகையில் ஒரு கட்டுரை எழுதினார். இந்நாட்டுப் பள்ளிச் சிறுவரின் காசு, இந்நாட்டு வீரரின் தேவையைப் புறக்கணித்துவிட்டு, ஆள்பவரின் நாட்டுக்குப் போவது ஏன் என்பதே அதன் வினா. கொடையைப் புகழாமல், கொடையின் திசையை விசாரித்த எழுத்து அது. நிவாரணத்தைப் பற்றி எழுதப் புகுவோர் அனைவரும் முன்மாதிரியாகக் கொள்ளத்தக்கது என்பது எமது துணிபு.

அவ்வியக்கத்தினர் பத்திரிகையோடு நின்றுவிடவில்லை. 1934-35 இல் மலேரியா பரவி ஏறத்தாழ 80,000 உயிர்களைக் கொண்டுபோனபோது கேகாலைப் பகுதிக் கிராமங்களுக்குச் சென்று மருந்தும் பருப்பும் பகிர்ந்தனர். கலாநிதி என். எம். பெரேராவைக் கிராமத்தார் 'பருப்பு மகத்தயா' என்று அழைக்கலாயினர். இது பெறுபவர் சூட்டிய பெயர். பானையிலிருந்து பிறந்த பெயர். இந்த இளைஞர், காய்ச்சலுக்கு முன்னே பசியும் வறுமையும் அவ்வுடல்களைத் தின்று தீர்த்திருந்தன என்பதைக் கண்டனர். கண்டதை வெளியே உரக்கச் சொன்னார்கள். 1935 டிசம்பரில் லங்கா சமசமாஜக் கட்சி உருவானபோது அதன் முன்னணியில் நின்றோர் பலர் இப்பணியிலே பழுத்து வந்தவர்கள். அக்கட்சி பிற்காலத்தில் சென்ற வழி வேறு. அதனை இங்கு விரிக்க வேண்டியதில்லை.

2022 ஆம் ஆண்டு எமது முறை வந்தது. அந்நியச் செலாவணி வற்றி, நாடு கடன் கட்ட முடியாதென்று ஏப்ரலில் அறிவித்தது. சமையல் எரிவாயுவுக்கும் பால்மாவுக்கும் ஹெவ்லொக் டவுனிலும் வரிசை நீண்டது. அவ்வரிசையில், முன்பெல்லாம் வாழ்நாளில் எதற்கும் காத்து நின்றறியாத நடுத்தர வர்க்கத்தாரும் சிலிண்டரை உருட்டிக்கொண்டு நின்றனர். தமிழ்நாட்டுச் சட்டமன்றம் ஏப்ரல் 29 ஆம் திகதி உதவி அனுப்பத் தீர்மானித்தது. மே 18 ஆம் திகதி 9,000 தொன் அரிசி, 200 தொன் பால்மா, 24 தொன் மருந்து ஆகியவற்றுடன் முதற் கப்பல் சென்னையை விட்டது. மூன்று வாரம் நிறையவில்லை. இவ்விரைவைப் பாராட்டி எழுதப்பட்டவை பல; அப்பாராட்டு தகுந்ததே.

ஆனால் அதில் எம்மைக் கவர்ந்த செய்தி வேறு. தொடக்கத்தில் தமிழக முதலமைச்சர் மு. க. ஸ்டாலின் எண்ணியது வடக்கு, கிழக்கு, மலையகத் தமிழர்க்கு உதவவே. இங்குள்ள தமிழ்த் தலைவர்களோ, தமிழர்க்கென்று பிரிக்காமல் இந்நாட்டு மக்கள் அனைவர்க்கும் அனுப்புமாறு வேண்டினர். முதலமைச்சர் அதைச் சட்டமன்றத்திலேயே எடுத்துரைத்தார்; அவ்வாறே தீர்மானமும் அமைந்தது. பெறுபவன் வாய் திறந்து, கொடுப்பவன் தன் எண்ணத்தைத் திருத்திக்கொண்டதற்கு எமக்குத் தெரிந்த அரிய சான்று இது. அவ்வாறு வேண்டியவருள், 2009 இல் கப்பல் வராமற் போனதை மறந்தவர் எவரும் இருந்திருக்க முடியாது. எந்த அரசு அன்று 884 தொன்னை வெயிலில் காயவிட்டதோ அவ்வரசை அன்று நடத்திய குடும்பமே அப்போதும் பதவியில் இருந்தது. அப்படியிருந்தும் சிங்களக் கூலியாளின் வீட்டுக்கும் அந்த அரிசி போகட்டும் என்றார்கள். ஒன்பதாயிரம் தொன்னைப் பற்றிய கவிதைகளை நாம் நிறைய வாசித்தோம். இந்த வேண்டுகோளைப் பற்றி ஒன்றும் நம் கண்ணிற் படவில்லை.